அப்பா சேர்த்து வெச்ச 240 நாள்: போலீஸ் லீவும் பென்ஷனும்

போன எபிசோடுல ஐடி கம்பெனி லீவ் பாலிசி பத்திப் பேசினேன் இல்லையா, அதைக் கேட்டுட்டு எங்க அக்கா போன் பண்ணினா. "உங்க ஆபீஸ்ல லீவ் எடுக்கலைன்னா ஏன் எடுக்கலைன்னு கேக்குறாங்க. மாமா லீவ் கேட்டா எதுக்குன்னு கேக்குறாங்க. இதைப் பத்தி ஒரு நாள் பேசுடா"ன்னா. மாமா தமிழ்நாடு போலீஸ்ல ஏட்டு. எங்க அப்பாவும் போலீஸ்தான். அதனால இன்னைக்கு நம்ம வீட்டுக் கதையோட சேர்த்தே பேசிடலாம்.

அப்பா 1984ல இரண்டாம் நிலைக் காவலரா சேர்ந்தவர். 58 வயசுல, அதாவது 2020 ஜூன்ல ரிட்டயர் ஆக வேண்டியது. அந்த மே மாசம் அரசு ஓய்வு வயசை 59 ஆக்குச்சு. 2021 பிப்ரவரியில 60 ஆக்குனாங்க. ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு இது ரெண்டு வருஷச் சம்பளம். அப்பாவுக்கு ரெண்டு வருஷ நைட் ரவுண்ட்ஸ். அதுவும் கொரோனா காலத்துல, செக்போஸ்ட்ல. வேணாம்னு சொல்ல முடியுமா? வீட்டுக் கடன் இருந்துச்சு. சந்தோஷமா, வருத்தமான்னு அவருக்கே சொல்லத் தெரியல.

இப்ப லீவ் கணக்குக்கு வருவோம். அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு கணக்குல ஏறும். சேர்த்து வெச்சா உச்சவரம்பு 240 நாள். ரிட்டயர் ஆகும்போது அந்த 240 நாளுக்கும் சம்பளமாக் குடுத்துடுவாங்க, அதாவது எட்டு மாசச் சம்பளம். சர்வீஸ்ல இருக்கும்போதே வருஷத்துக்கு 15 நாளை சரண்டர் பண்ணியும் காசாக்கிக்கலாம். பெரும்பாலான போலீஸ் வீட்டுல ஸ்கூல் பீஸ் கட்டுறது இந்த சரண்டர் பணத்துலதான்.

2020 ஏப்ரல்ல, கொரோனா நிதி நெருக்கடின்னு சரண்டரை நிறுத்துனாங்க. ஒரு வருஷத்துக்குன்னு சொன்னது நீண்டுக்கிட்டே போச்சு. 2025 பட்ஜெட்ல, 2026 ஏப்ரல்ல இருந்து திரும்பக் குடுப்போம்னு சொல்லி, அப்புறம் அதையே முன்னாடி கொண்டுவந்து 2025 அக்டோபர் 1ல இருந்துன்னு அறிவிச்சாங்க. நல்ல செய்திதான். ஆனா நடுவுல அஞ்சரை வருஷம் போயிடுச்சு.

நம்ம பாஷையில சொன்னா, ஸ்டோரேஜ் புல். அப்பா கணக்குல 240 ஏற்கெனவே நிறைஞ்சிருச்சு. புதுசா வர்ற லீவை விக்கவும் முடியாது, கொரோனா டூட்டியில எடுக்கவும் முடியாது. அது சேர இடமில்லாமப் போயிடுச்சு. லீவ் எடுக்க வாய்ப்பு இருக்கிற டிபார்ட்மென்ட்ல சரண்டர் நின்னா, சரி, வீட்டுல ஓய்வாவது எடுக்கலாம். போலீஸ்ல ரெண்டுமே போச்சு.

இன்னொரு பக்கம் வார ஓய்வு. 2021 ஜூலைல, டி.ஜி.பி.யா இருந்த சைலேந்திர பாபு, காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் லீவ்னு உத்தரவு போட்டார். அதே வருஷம் சட்டமன்றத்துல முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சு, நவம்பர்ல அரசாணையும் வந்துச்சு. ஆனா அது சரியா நடைமுறைக்கு வரலைன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் வழக்கு போச்சு.

ஏன் வரல? மாமா சொன்னதை அப்படியே சொல்றேன். "டூட்டி போடுறது ஸ்டேஷன் ரைட்டர். அவரையும் தப்பு சொல்ல முடியாது. இருக்கிற ஆளுல ரெண்டு பேர் கோர்ட் டூட்டி, ஒருத்தர் பாரா, நாலு பேர் திருவிழா பந்தோபஸ்து. இதுல யாரை ஓய்வுக்கு அனுப்புவாரு?"

எங்க டீம்ல ஆன்கால் ரொட்டேஷன் இருக்கு. ராத்திரி சர்வர் படுத்துச்சுன்னா எழுந்திரிக்கணும். ஆனா அந்த வாரம் முடிஞ்சதும் அடுத்த ஆள் பேரு தானா வந்துடும். யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல. போலீஸ்ல உரிமைன்னு ஆணை இருக்கு, கைக்கு வர்றப்போ அது சலுகையா மாறிடுது. காரணம், ஓய்வை முதல்ல எழுதிட்டு மிச்ச ஆளுக்கு டூட்டி போடுறதில்ல. டூட்டி எல்லாம் போட்டு மிச்சம் இருந்தா ஓய்வு. அதை மாத்தணும்னா, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓய்வு நாளையும் கணக்குல சேர்த்து ஆள் எடுக்கணும். ஆள் எடுக்காம அரசாணை மட்டும் போட்டா, ரைட்டர் தலையிலதான் விழும்.

பென்ஷனையும் சொல்லிடறேன். அப்பாவுக்கு மாசாமாசம் பழைய பென்ஷன் வருது. மாமா சேர்ந்தது 2011. 2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் சேர்ந்தவங்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துல சேர்த்தாங்க. அதுல அவர் சம்பளத்துல 10 சதவீதம் பிடிச்சாங்க, அரசும் அதே அளவு போட்டுச்சு. பழைய பென்ஷன் மாதிரி கடைசிச் சம்பளத்துல பாதின்னு உறுதி அந்தத் திட்டத்துல இல்லாம இருந்துச்சு. எந்தத் திட்டம் சரின்னு பாக்க 2025 பிப்ரவரியில ககன்தீப் சிங் பேடி தலைமையில குழு போட்டாங்க. ஒரே வீடு, ஒரே காக்கி, ரெண்டு விதமான முதுமை.

அப்பாகிட்ட கேட்டேன், "அந்த 240 நாள் பணம் என்னாச்சுப்பா?" வீட்டுக் கடனை அடைச்சாராம். நான் பிளஸ் டூ ரிசல்ட் வாங்கின அன்னைக்கு, அக்கா பிரசவத்தன்னைக்கு, பாட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்போ, எதுலயும் அப்பா இல்ல. அந்த நாளெல்லாம்தான் இந்த வீடு. நான் அதுல உக்காந்துதான் இதை ரெக்கார்ட் பண்றேன்.

சரண்டர் பணம் திரும்ப வந்ததுல மாமாவுக்கு சந்தோஷம்தான். "ஆனா வித்துதான் ஆகணும்னு இல்லாம, எடுக்கலாமா விக்கலாமான்னு நானே முடிவு பண்ற மாதிரி இருந்தா நல்லாருக்கும்"னார். எனக்கும் அதான் தோணுது. உங்க வீட்டுல யாராவது காக்கி போட்டவங்க இருந்தா, போன வாரம் ஓய்வு கிடைச்சதான்னு கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.