மான்யமும் மானமும்

(ஒரு கிராமத்து வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று வாசகசாலை நிர்வாகிகள் என்னைக் கேட்டபோது, எந்த விஷயத்தைப் பேசுவது என்று கேட்டேன். "கூரை ஒழுகுகிறது; புஸ்தகங்கள் நனைகின்றன; பணத்துக்கு வழி சொல்லுங்கள், அது போதும்" என்றார்கள். இதைவிட யோக்கியமான விஷயம் வேறு எதுவும் இருக்க முடியாது. ஆகவே இன்று நான் வேதாந்தம் பேசப் போவதில்லை. பணத்தைப் பற்றியே பேசப் போகிறேன். பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே இருக்கிறது, அது யாருடைய பணம், அதை எப்படிக் கேட்பது, எப்போது அதை வேண்டாமென்று சொல்லுவது என்கிற நான்கு கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. சங்க வேலையில் அடிபட்டுத் தெரிந்து கொண்டதும், சட்டங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்து கொண்டதும்தான் என் சரக்கு. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நான் எழுதிய விண்ணப்பம்

முதலில் என் முட்டாள்தனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு கட்டடம் வேண்டுமென்று ஓர் இடத்துக்கு நானே விண்ணப்பம் எழுதினேன். அதில் எட்டு வரி, கொடுக்கிறவரின் கருணையைப் பற்றி. நாலு வரி, நாங்கள் எவ்வளவு ஏழைகள் என்பதைப் பற்றி. கட்டடத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. எழுதி முடித்து, இதைப் படிக்கிறவர் கண்ணீர் விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணீர் விடவில்லை. "தினம் எத்தனை பேர் வருகிறார்கள்? மூன்று வருஷத்து வரவு செலவுக் கணக்கு எங்கே? தீர்மான நகல் எங்கே?" என்று மூன்று கேள்வி கேட்டு ஒரு கடிதம் வந்தது. எங்களிடம் விழா எடுத்த போட்டோக்கள் இருந்தன. வந்த தலைவர்களுக்குப் போட்ட சால்வைக் கணக்கு இருந்தது. அவர் கேட்ட மூன்றும் இல்லை. பணம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அதோடு நின்றோமா? அடுத்த வருஷம் ஒரு தரகர் வந்தார். கம்பெனிப் பணம் வாங்கித் தருகிறேன், "பைல் நகர்த்த" 15,000 ரூபாய் முன்பணம் வேண்டுமென்றார். பீடித் தொழிலாளரிடமும் நெசவாளரிடமும் பத்தும் இருபதுமாக வசூலித்த பணத்தைக் கொடுத்தோம். பைலும் நகரவில்லை, தரகர்தான் நகர்ந்து போனார். குற்றம் தரகர் மேல் மட்டுமா? சட்டப்படி கேட்டு வாங்க வேண்டியதைத் தயவால் வரும் வரமென்று நினைத்தோமல்லவா, அந்தப் புத்தியின் மேல்தான் பெரும்பங்கு குற்றம். சாமிக்கும் பக்தனுக்கும் நடுவே பூசாரி எப்படி வருகிறாரோ, அப்படியேதான் பணத்துக்கும் சங்கத்துக்கும் நடுவே தரகர் வருகிறார். விஷயம் நமக்குத் தெரியாது என்பதுதான் இருவருக்கும் மூலதனம்.

யாருடைய பணம்?

நிற்க, சர்க்கார் மான்யம் என்கிறோமே, சர்க்காருக்கு ஏது பணம்? சோப்பு முதலாக நாம் வாங்குகிற சாமானில் நம்மிடமிருந்து பிரித்ததுதான். வாசகசாலை விஷயத்தில் இது இன்னும் வெளிச்சம். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் செய்தார்கள். இந்தியாவிலேயே இந்த மாதிரி முதல் முயற்சிகளில் ஒன்று. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியென்று தனியாக வசூலிக்கிறார்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். எழுத்தறியாத கிழவிகூட நம் பிள்ளைகள் படிப்பதற்காக வரி கொடுத்திருக்கிறாள். அப்படியிருக்க, நூலகத்துக்குப் பணம் கேட்கப் போகிறவன் ஏன் முதுகை வளைக்க வேண்டும்?

1972-இல் மத்திய சர்க்கார் கல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக ஸ்தாபனம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். உடன்கட்டை ஏற்றுவதை எதிர்த்துப் போராடியவர் பெயரால் ஏற்பட்டது. நூலகங்களுக்குப் புஸ்தகம், அலமாரி, கட்டடம் முதலியவற்றுக்கு உதவுவது அதன் வேலை. மாநில சர்க்காரும் பங்கு போடுகிற இனம் ஒன்று, பங்கு போடாமல் கொடுக்கிற இனம் ஒன்று என்று இரண்டு வகையாக அந்த உதவி நடந்து வந்திருக்கிறது.

இன்னொன்று "நமக்கு நாமே" திட்டம். 1997-இல் ஏற்பட்டு, பிறகு சில காலம் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-இல் மறுபடியும் பழைய பெயரிலேயே வந்தது. அதன் அடிப்படை, ஊரார் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சர்க்கார் போடுவது என்பது. ஊரார் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வசிக்கும் பகுதியானால் ஐந்தில் ஒன்று என்று 2021-இல் விதி வைத்தார்கள். வேலை ஊர்ப் பொதுச் சொத்துக்காக இருக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். கூரைக்கு 3,00,000 ரூபாய் ஆகுமென்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று 1,00,000. ஊரில் 500 வீடு இருந்தால் வீட்டுக்கு 200 ரூபாய். ஐந்தில் ஒன்றானால் வீட்டுக்கு 120 ரூபாய்தான். ஒரு ராத்திரி வாணவேடிக்கைக்கு நாம் கொடுப்பது இதைவிடக் குறைவா? வாணம் மேலே போய்க் கரியாக விழுகிறது. கூரை முப்பது வருஷம் நிற்கிறது. எது செலவு, எது வரவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கம்பெனிப் பணம்

இனிக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் கொடுப்பதைத் தர்மம் என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள். ஆனால் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்தது, என்ன சொல்லுகிறது? 500 கோடி சொத்து மதிப்போ, 1,000 கோடி வியாபாரமோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தின மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக காரியத்தில் செலவழிக்க வேண்டும் என்று அளவு வைத்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்கிற செலவுக்குத் தர்மம் என்று பெயரிட்டால், நாம் கட்டுகிற வரிக்கும் தர்மம் என்றுதான் பெயரிட வேண்டும்.

எந்தெந்தக் காரியத்தில் செலவழிக்கலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஜாபிதா இருக்கிறது. பசி நீக்குதல், கல்வி, ஆண் பெண் சமத்துவம், சுற்றுச்சூழல் இவைகளோடு பொது நூலகம் அமைப்பதும் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. கம்பெனி வேலை நடக்கிற வட்டாரத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமென்றும் சட்டம் சொல்லுகிறது. ஆகையால் உங்கள் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, உங்கள் ரோட்டில் லாரி ஓட்டுகிற ஆலை எதுவென்று பார்த்து, அங்கே முதலில் போங்கள். கட்சிகளுக்குக் கொடுப்பது இந்தக் கணக்கில் சேராது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஆனால் யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். வாங்கிச் செலவு செய்கிற சங்கமோ டிரஸ்டோ முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். வருமான வரி இலாகாவில் 12ஏ, 80ஜி என்ற பெயர்களால் நெடுநாள் வழங்கிவந்த இரண்டு பதிவுகளும் வேண்டும். அந்த மாதிரி வேலையில் மூன்று வருஷப் பழக்கம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி இலாகாவிலும் ஒரு பாரம் கொடுத்து நம்பர் வாங்க வேண்டும். இது பெரிய மலையல்ல. தமிழ்நாட்டில் 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். பதிவு செய்வதோடு தீர்ந்ததென்று நினைப்பதுதான் நம் நோய். வருஷா வருஷம் கணக்கும் நிர்வாகிகள் ஜாபிதாவும் பதிவாளருக்குக் கொடுக்காமல் தூங்கிவிட்டு, மான்ய விளம்பரம் வந்த அன்று விழித்துக் கொண்டு ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம்.

அந்நிய நாட்டுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு 1976-இல் ஒரு சட்டமும் 2010-இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டமும் வந்து, 2020-இல் இன்னும் இறுக்கினார்கள். ஒரு சங்கம் வாங்கியதை இன்னொரு சங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-க்கு மேல் போகக் கூடாது. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு காசு வாங்கினாலும் குற்றம். வெளிநாட்டிலிருந்து சிநேகிதர் அனுப்புகிறார் என்று ஏமாந்து வாசகசாலைப் பெயரில் வாங்கிவிடாதீர்கள்.

கொடுத்தவரும் வாங்கினவரும்

உலகத்தில் வாசகசாலைக்குப் பணம் கொடுத்தவர்களில் பேர்போனவர் ஆண்ட்ரூ கார்னெகி. ஸ்காட்லாந்தில் நெசவாளி மகனாய்ப் பிறந்து அமெரிக்காவில் உருக்கு ஆலை முதலாளியானவர். 2,500-க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ஊரார் மனை தரவேண்டும்; அவர் கொடுக்கிற தொகையில் பத்தில் ஒரு பங்கை வருஷந்தோறும் ஊர் வரியிலிருந்து நூலகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டடத்தை வெளியார் கொடுக்கலாம், உயிரை ஊரார்தான் கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். இது புத்தியான நிபந்தனை. நாமாகவே நமக்கு விதித்துக் கொள்ளத் தக்கது.

மற்றொரு பக்கமும் உண்டு. அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892-இல் தொழிலாளர் சங்கத்தை உடைக்கக் கூலிக் காவலரைக் கொண்டுவந்தார்கள். சண்டையில் உயிர்கள் போயின. அதன் பிறகு சில ஊர்களில் தொழிலாளர்கள், அந்தப் பணத்தில் எங்களுக்கு நூலகம் வேண்டாமென்று சொன்னார்கள். அவர்கள் செய்தது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வேண்டாமென்று சொல்லவும் ஏழைக்கு வாயுண்டு என்பதைத்தான் சொல்லுகிறேன்.

ஆகவே, பணம் கொடுக்கிறவர் கணக்குக் கேட்டால் சந்தோஷமாய்க் காட்டுங்கள். அது அவர் கடமை, நம் யோக்கியதை. ஆனால் இன்ன ஜாதிக்காரர் உள்ளே வரக்கூடாது, இன்ன புஸ்தகத்தை அலமாரியில் வைக்கக்கூடாது, ஆலைத் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று கேட்டால், கும்பிடு போட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒழுகுகிற கூரையின் கீழ்ச் சுயமரியாதையோடு படிக்கலாம். வாயைக் கட்டிக் கொடுத்த கூரையின் கீழ்ப் படிப்பெதற்கு?

செய்ய வேண்டியது

கடைசியாக, இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டிய மூன்று காரியம். ஒன்று, வாசலில் ஒரு நோட்டு வைத்து, வருகிறவர் பேரையும் எடுத்துப் படித்த புஸ்தகத்தையும் தினமும் எழுதுங்கள். பெண்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று தெரியட்டும். இரண்டு, கூட்டம் போட்டால் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று, பணத்தை எவர் மடியிலும் வைக்காமல், இரண்டு பேர் கையெழுத்தில் நடக்கிற பாங்கிக் கணக்கில் போட்டு, மாதம் ஒரு முறை வரவு செலவை இந்தச் சுவரிலேயே ஒட்டுங்கள். உண்டியலில் போட்டவன் கணக்குக் கேட்பதில்லை. அதனால்தான் அங்கே போனது போனதுதான். இங்கே போடுகிறவன் கேட்க வேண்டும்; நீங்களும் கேட்பதற்கு முன் காட்ட வேண்டும்.

பிறகு விண்ணப்பம் எழுதுங்கள். குறை என்ன, எத்தனை பேருக்கு, எவ்வளவு ஆகும், நாங்கள் போடுவது எவ்வளவு, வேலையைப் பார்த்துக் கொள்பவர் யார், உங்கள் பணம் தீர்ந்த பிறகு இதை நடத்துவது எப்படி என்கிற ஆறு கேள்விக்கும் நேரான பதில் எழுதினால் போதும். புகழ்ச்சி ஒரு வரிகூட வேண்டாம். ஒரு முறை இல்லையென்றால் ஏனென்று கேட்டு, குறையைத் திருத்தி, மறுபடி அனுப்புங்கள்.

என் பழைய விண்ணப்பத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வெட்கம் மறக்கக் கூடாதென்பதற்காக. உங்கள் விண்ணப்பத்தை உங்கள் பேரப்பிள்ளை ஒரு காலத்தில் இதே அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தால், என் தாத்தா தலை நிமிர்ந்து எழுதியிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு 200 ரூபாய் என்ற கணக்கில் இந்த ஊரில் தங்கிப் பேசினவன் என்ற முறையில் என் பங்கை இதோ நிர்வாகிகளிடம் கொடுத்து, ரசீதும் கேட்டு வாங்கிக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.