வெந்நீர்க் குழாய் யாருக்குச் சொந்தம்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்கும் குழாய்களைப் பற்றிப் பேசப் போகிறோம். "இங்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, அங்கே எவன் வீடு சூடானால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் மாஸ்கோவிலும் பெர்லினிலும் தை மாதத்தில் தண்ணீர் கல்லாக உறைந்துபோகும். அங்கே வீட்டுக்குள் சூடு என்பது சொகுசு அல்ல. நமக்குக் குடிதண்ணீர் எப்படியோ, அவர்களுக்குச் சூடு அப்படி. அது நின்றுபோனால் முதியவர்களும் குழந்தைகளும் உயிருக்குப் போராட வேண்டிவரும். அப்படிப்பட்ட ஒன்று யார் கையில் இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி அங்கே வீதிக்கு வந்திருக்கிறது. வாக்குப் பெட்டிக்கும் வந்திருக்கிறது. அதில் நமக்கும் பாடம் உண்டு.

வீணாகும் நெருப்பு

பாய்லர் பக்கம் வேலை பார்த்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில், நெருப்பின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்குச் சற்றுக் கூடுதலோதான் மின்சாரமாகிறது. மீதி எங்கே போகிறது? டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்க வேண்டும். அப்போது கழியும் சூடு ஆற்றிலோ கடலிலோ கலக்கிறது. இல்லையேல் பெரிய கோபுரங்கள் வழியே ஆகாயத்துக்குப் போகிறது. நெய்வேலிப் பக்கம் போனவர்கள் அந்தக் கோபுரங்களையும் அவற்றின் தலையில் எழும் வெள்ளை ஆவியையும் பார்த்திருப்பீர்கள். சுரங்கத் தொழிலாளி வியர்வை சிந்தி வெட்டிய கரியில் பாதிக்கு மேல் இப்படித்தான் காற்றோடு போகிறது.

வீட்டைச் சூடாக்கப் பெரு நெருப்பு வேண்டாம்; வெந்நீர் போதும். எனவே நிலையத்தில் கழியும் சூட்டை வெந்நீராக்கித் தெருவுக்கு அடியில் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. வெந்நீர் அதன் வழியே ஓடி அறையைச் சூடாக்கிவிட்டு, ஆறிய தண்ணீராக நிலையத்துக்கே திரும்புகிறது. இப்படிச் செய்தால் எரித்த கரியின் சூட்டில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் பயன்படுகிறது. ஆயிரம் வீட்டில் ஆயிரம் அடுப்புப் புகைவதற்குப் பதில் ஒரே புகைபோக்கி. இதுதான் விஷயம்.

லெனின்கிராடில் தொடங்கியது

1920 டிசம்பரில், உள்நாட்டு யுத்தத்தின் நாசம் கண்ணெதிரே கிடந்தபோதே, சோவியத் நாடு மின்மயத் திட்டத்தை ஏற்றது. அடுத்த நான்கு ஆண்டுகளில், 1924 நவம்பர் 25 அன்று, லெனின்கிராடில் மூன்றாவது மின்நிலையத்திலிருந்து ஃபொன்தான்கா ஆற்றங்கரையின் 96ஆம் எண் வீட்டுக்கு முதல் குழாயில் சூடு போய்ச் சேர்ந்தது. கின்டர், திமீத்ரியேவ் என்ற இன்ஜினீயர்கள் அந்த வேலையை முன்னின்று நடத்தினார்கள். அந்த ஒரு வீட்டிலிருந்து கிளம்பிய குழாய், பின்னால் நாடெங்கும் நகரங்களில் பரவியது. உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் தொழிலாளி குடியிருப்புகளுக்குச் சூடு கொண்டுபோனது அந்த நாடு.

அதில் குறைகளும் இருந்தன. அவற்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு மீட்டர் இல்லை. அறையில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் வால்வு இல்லை. அளவுக்கு மீறிச் சூடானால், வெளியே பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்துவிடுவார்கள்! குழாயில் 150 டிகிரி வரை தண்ணீரை அழுத்தத்தில் அனுப்பும் ஏற்பாடு. அதனால் வழியிலேயே நிறைய சூடு மண்ணுக்குப் போயிற்று. கரியும் எரிவாயுவும் மலிவாக இருந்த காலத்தில் இதைச் சரிசெய்ய அவசரப்படவில்லை.

1991க்குப் பிறகு என்ன நடந்தது? தொழிற்சாலைகள் தனியார் கைக்குப் போனபோது, அவற்றோடு இருந்த பாய்லர் நிலையங்கள் சிலவும் சேர்ந்தே போயின. குழாயை மாற்றுவதற்கான பணம் சுருங்கியது. துரு பட்ஜெட்டைப் பார்த்துப் பிடிப்பதில்லை; அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. 2024 ஜனவரியில், கடுங்குளிரில், மாஸ்கோ அருகே பொதோல்ஸ்க் நகரத்தின் கிளிமோவ்ஸ்க் பகுதியில் பாய்லர் நிலையம் நின்றுவிட்டது. அது தனியாருக்குச் சொந்தமான ஒரு தோட்டா ஆலையின் நிலையம். பல்லாயிரம் பேர் நாள்கணக்கில் குளிரில் கிடந்தார்கள். கடைசியில் சர்க்கார் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவிக்க நேர்ந்தது. அங்கே இன்றைக்கு இருப்பது சோஷலிஸ்டு ஆட்சி அல்ல. ஆனாலும் ஜனங்கள் உறைந்து நின்றபோது வேறு வழி அவர்களுக்கும் தெரியவில்லை.

பழைய குழாயும் புதிய குழாயும்

இந்த முறையை முதலில் கையாண்ட இடங்களில் குழாயில் போனது நீராவி. நியூயார்க்கில் 1882 முதல் இன்றுவரை நீராவிதான். அதன் ஆபத்து என்ன? 2007 ஜூலையில் அந்த நகரத்தின் லெக்சிங்டன் அவென்யூவில், 1924இல் புதைத்த குழாய் வெடித்தது. தெருவே பிளந்தது, ஓர் உயிர் போயிற்று, பலர் காயமடைந்தார்கள். வெடித்துக் கிளம்பிய சேற்றில் கல்நார் கலந்திருந்தது. அந்தக் காலத்தில் குழாய்க்கு மேல் சூடு காக்கச் சுற்றியது கல்நார்தான். அந்தத் தூசி நுரையீரலை அரிக்கும். அதைச் சுற்றிய தொழிலாளிகளும் பிரித்த தொழிலாளிகளும் எந்த விலை கொடுத்தார்கள் என்பதை எந்தக் கம்பெனியின் லாபக் கணக்கிலும் பார்க்க முடியாது.

நீராவிக்குப் பின் அதிக அழுத்த வெந்நீர் வந்தது. 1970களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில், தொழிற்சாலையிலேயே நுரை உறை போட்டுத் தயாரித்த குழாய் பரவியது. தண்ணீரும் 100 டிகிரிக்குக் கீழே வந்தது. இப்போது 70, 60, 50 டிகிரி என்று இன்னும் இறக்குகிறார்கள். ஏன்? இரண்டு காரணங்கள்.

ஒன்று: கொதிக்கும் கஞ்சி விறுவிறுவென்று ஆறும்; வெதுவெதுப்பான கஞ்சி மெல்ல ஆறும். குழாய்த் தண்ணீருக்கும் அதே நியாயம். சூடு குறைந்த தண்ணீர் வழியில் இழப்பது குறைவு.

இரண்டு: 150 டிகிரி வேண்டுமென்றால் கரியோ எரிவாயுவோ எரித்தாக வேண்டும். 60 டிகிரி போதும் என்றால் வெயில் தரும். பூமிக்கடிச் சூடு தரும். தொழிற்சாலையில் கழியும் சூடும் சாக்கடை நீரின் சூடும்கூட உதவும். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளிருந்து சூட்டை எடுத்து வெளியே தள்ளும் யந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் முதுகைத் தொட்டால் சுடும். அதே வேலையைப் பெரிய அளவில் செய்யும் யந்திரத்தை டென்மார்க்கில் எஸ்பியர்க் துறைமுகத்தில் நிறுவியிருக்கிறார்கள். குளிர்ந்த கடல் நீரிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. சுமார் 25,000 வீடுகளுக்குப் போதுமான சூடு. அந்த ஊரின் நிலக்கரி நிலையம் 2024இல் மூடப்பட்டது. கரிப்புகை குறைந்தால் அந்த ஊருக்கு மட்டுமா நன்மை? பூமி சூடாவதால் பருவமழை பொய்த்தாலும், ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும், முதலில் அடிபடுவது வயலில் கூலிக்கு நிற்பவர்கள்தான்.

வாடகைக்காரன் தலையில்

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாயின் சூட்டை இறக்க வேண்டுமென்றால் வீடு சூட்டை ஒழுகவிடக் கூடாது. சுவருக்கு உறை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், பெரிய இரும்புச் சட்டம் எல்லாம் வேண்டும். அந்தச் செலவு யாருடையது?

ஜெர்மனியில் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டை நவீனப்படுத்திய செலவில் நூற்றுக்கு 8 பங்கை ஆண்டு வாடகையோடு வீட்டுக்காரர் ஏற்றிக்கொள்ளலாம். 2019க்கு முன் நூற்றுக்கு 11. ஏற்றத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் செலவுப் பணம் வசூலாகித் தீர்ந்த பிறகும் ஏறிய வாடகை இறங்குவதில்லை. புகையைக் குறைக்கிறோம் என்ற பெயரில் ஏழைக் குடும்பம் வீட்டை விட்டுக் கிளம்ப நேர்கிறது. நல்ல காரியமே முதலாளியின் கையில் எப்படி ஆயுதமாகிறது, பாருங்கள்! தொழிலாளி விஞ்ஞானத்துக்கு எதிரி அல்ல. விஞ்ஞானத்தின் பில் தன் தலையில் மட்டும் விழுவதற்குத்தான் எதிரி.

லாபம் கூடாது என்ற சட்டம்

டென்மார்க்கைப் பாருங்கள். அது சோஷலிஸ்டு நாடு அல்ல. அங்கே மன்னர் இருக்கிறார், முதலாளிகளும் இருக்கிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்த நாட்டின் எரிசக்தியில் நூற்றுக்கு 90 பங்குபோல் இறக்குமதி எண்ணெய். நாடு ஆடிப்போயிற்று. 1979இல் வெப்ப விநியோகச் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த வட்டாரத்துக்குக் குழாய்ச் சூடு, எதற்கு எரிவாயு என்று நகராட்சிகள் திட்டமிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: சூடு விற்பவர் அவசியமான செலவை மட்டுமே விலையில் சேர்க்கலாம், அதற்கு மேல் லாபம் கூடாது. இன்று அந்த நாட்டு வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குழாய்ச் சூடுதான். பெரும்பாலும் நகராட்சிகளும் நுகர்வோர் கூட்டுறவுகளுமே உடைமையாளர்கள்.

வோயென்ஸ் என்ற சிற்றூரை விவசாயத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அங்கே சூடு பெறுகிறவர்களே கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள். 70,000 சதுர மீட்டர் சூரியத் தகடுகளைப் பரப்பியிருக்கிறார்கள். கோடையில் சூடாகும் தண்ணீரை 2 லட்சம் கன மீட்டர் பிடிக்கும் பெரிய குழியில், மேலே மூடி போட்டுத் தேக்குகிறார்கள். ஐப்பசி மழையை ஏரியில் தேக்கிக் கோடைக்கு வைத்துக்கொண்ட நம் முன்னோர் வேலைதான்; அங்கே கோடை வெயிலைத் தேக்கிக் குளிருக்கு வைத்துக்கொள்கிறார்கள். வேறு ஊர்களில் அறுவடைக்குப் பின் வைக்கோலை நிலையத்துக்கு விற்கிறார்கள். எரித்த சாம்பல் வயலுக்கே உரமாகத் திரும்புகிறது.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. கரியை விட்டுவிட்டுப் பல நிலையங்கள் மரத்துண்டுகளை எரிக்கின்றன. அதில் பெரும்பகுதி வெளிநாட்டு மரம். தன் ஊர்க் கணக்கில் புகையைக் குறைத்துக்கொண்டு அடுத்தவன் காட்டை வெட்டுவது விடை ஆகாது. அதை அங்குள்ள மக்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

விற்றதைத் திரும்ப வாங்கினார்கள்

ஹாம்பர்க், பெர்லின் நகரங்கள் தங்கள் மின்கம்பெனிகளை 1990களிலும் அதை ஒட்டியும் விற்றுவிட்டன. நகரக் கஜானாவில் பணம் இல்லை, தனியார் வந்தால் திறமை வரும் என்று அப்போதும் அதே பல்லவிதான். வெந்நீர்க் குழாயும் சேர்ந்தே போயிற்று. குழாய்க்குப் போட்டி ஏது? ஒரு தெருவில் இரண்டு கம்பெனி குழாய் புதைக்குமா? வாங்கியவர் ஏகபோகக்காரர் ஆனார்.

ஹாம்பர்க் மக்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். 2013 செப்டம்பர் 22இல் வாக்கெடுப்பு. ஆதரவு நூற்றுக்கு 50.9, மயிரிழையில் வெற்றி. மின்சாரம், எரிவாயு, சூடு ஆகிய மூன்றின் வலைப்பின்னல்களையும் நகரம் திரும்ப வாங்க வேண்டும் என்பது தீர்ப்பு. சூட்டுக் குழாய் 2019இல் நகரத்தின் கைக்கு வந்தது. ஆனால் என்ன விலை? முன்பே ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச விலை 95 கோடி யூரோ. பின்னால் மதிப்பிட்டபோது தேறியது 64.5 கோடிதான். விற்பது ஒரு கையெழுத்து வேலை. திரும்ப வாங்குவது ஒரு தலைமுறைச் சுமை.

பெர்லினில் 2013 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு தோற்றது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் ஆதரித்தும், மொத்த வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர் ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, கிடைத்தது 24.1. அதோடு கோரிக்கை செத்ததா? இல்லை. 2024 மே மாதத்தில் அந்த நகரம் சுமார் 140 கோடி யூரோ கொடுத்துச் சூட்டுக் குழாயைத் திரும்ப வாங்கியது. தோற்ற வாக்கெடுப்பும் வீண்போகவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே! குழாயின் வயதைப் பற்றி இன்ஜினீயர் சொல்வார். ஆனால் பழைய குழாயை மாற்றுவதா, பங்குதாரருக்கு லாபம் பிரிப்பதா என்று முடிவு செய்பவர் உடைமையாளர். அவரும் அதே குளிரில் நடுங்குகிறவராக இருந்தால் குழாய் மாறும். வேறெங்கோ உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவராக இருந்தால், வெடிக்கும்வரை ஓடும்.

2018இல் கோவை மாநகரின் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுகளுக்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனியிடம் ஒப்படைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே சூடு, இங்கே தண்ணீர். தெருவுக்கடியில் போகும் குழாய் குழாய்தான். நாளைக்குச் சூரிய மின்சாரம், புதிய மீட்டர், புதிய குழாய் என்று எது வந்தாலும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது யாருக்குச் சொந்தம்? செலவு யார் தலையில்? மூடப்படும் நிலையத்தின் தொழிலாளிக்கு நாளை வேலை எங்கே?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காமல் எந்தக் காகிதத்திலும் ஒப்புதல் விழ விடக் கூடாது. அவரவர் ஆலை வாயிலிலும் சேரியிலும் இந்தக் கேள்விகளைக் கொண்டுபோய்ச் சேருங்கள். ஹாம்பர்க்கில் வாசல் வாசலாகப் போனவர்களும் உங்களைப் போல உழைத்துப் பிழைப்பவர்களே. விற்ற பிறகு மீட்க அவர்கள் பட்ட பாடு பெரிது. விற்கும் முன்பே தடுப்பது நம் கையில் இருக்கிறது.