புள்ளி வைக்கப் பழகுவோம்

(கந்தப்பளைத் தோட்டப் பகுதியில் பெற்றோருக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஆற்றிய உரை)



கொம்பியூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "கொழுந்து எடுக்கிற எங்களுக்கு இது எதுக்கு?" என்று சில அம்மாமார் கேட்பீர்கள். நாங்களும் ஒன்று கேட்கிறோம். கைப்பிள்ளையைக் கிளினிக்கில் நிறுத்த பிறகு, மிட்வைஃப் அம்மா புத்தகத்தில் ஒரு புள்ளி வைக்கிறாரே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? இன்றைய பேச்சு அந்தப் புள்ளியைப் பற்றித்தான்.

அந்தப் படத்தில் அடியில் மாதம் இருக்கிறது, பக்கத்தில் கிலோ இருக்கிறது. மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். கோடு மேலே ஏறினால் பிள்ளை வளர்கிறது. படுத்துவிட்டால் ஏதோ குறை இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத தாயும் இதை வாசிக்கலாம்.

"மலைநாட்டுப் பிள்ளை சின்னதாத்தான் இருக்கும்" என்று சொல்வது சரியில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை நிறுத்து அளந்து, 2006இல் வளர்ச்சிக் கோடுகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல கவனிப்பும் கிடைத்தால், எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும் என்பதுதான் அதில் தெரிந்தது. ஆனால் இலங்கையில் 2016இல் நடந்த சுகாதார ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர், தோட்டங்களில் 100க்கு 32 பேர். ஆகவே அந்தக் கோட்டை வீட்டிலேயே வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அது பாடசாலை போகும் உங்கள் மூத்த பிள்ளையாக இருக்கலாம்.

தம்பி தங்கைகளே, இனி உங்களுக்கு. ஸ்கிரட்ச் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மிச்சல் ரெஸ்னிக் என்பவரின் குழு 2007இல் வெளியிட்டது. அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. நீளமாக எழுதாமல், நிறக் கட்டைகளை ஒன்றோடொன்று கொழுவினால் கொம்பியூட்டர் சொன்னபடி செய்யும். கட்டையில் உள்ள இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழ் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அவசரப்படாமல் படிப்படியாகப் போவோம்.

முதற் படி: கட்டக் கொப்பியில் பென்சிலால் புள்ளி வையுங்கள். கையால் வராதது கொம்பியூட்டரிலும் வராது.

இரண்டாம் படி: ஸ்கிரட்சில் ஒரே ஒரு புள்ளி. அதன் மேடை 480 அகலம், 360 உயரம். நடுவில் பூச்சியம். பேனாக் கட்டையைச் சேர்த்து, குறுக்கு எண்ணும் நெடுக்கு எண்ணும் கொடுத்துப் புள்ளி வையுங்கள். அது சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்த்த பிறகே அடுத்தது.

மூன்றாம் படி: 3 கிலோ, 4 கிலோ என்று அப்படியே கொடுத்தால் எல்லாப் புள்ளியும் நடுவில் ஈ மொய்த்தாற்போல் குவிந்துவிடும். மேடை பெரிது, நம் எண் சிறிது. ஆகையால் கிலோவை 30ஆல் பெருக்கி 150ஐக் கழியுங்கள். மாதத்தை 30ஆல் பெருக்கி 180ஐக் கழியுங்கள். இப்போது பிறந்த நாளிலிருந்து 12 மாதம் வரை மேடையில் நன்றாகப் பரவும்.

நான்காம் படி: நிறைகளை ஒரு பட்டியலில் ஏற்றி, 'திரும்பச் செய்' கட்டைக்குள் வையுங்கள். முதற் புள்ளிக்குப் போகும்வரை பேனாவைத் தூக்கிவையுங்கள். இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒரு வேண்டாத கோடு வரும்.

ஐந்தாம் படி: 'இப்படியானால்' கட்டை. இந்த மாத நிறை போன மாதத்தை விடக் கூடவில்லையானால், பேனா சிவப்பாக மாறட்டும்.

ஓர் உதாரணம். ஒரு பிள்ளை 6ஆம் மாதம் 6.7 கிலோ. 7ஆம் மாதமும் 8ஆம் மாதமும் அதே 6.7. எண்ணாகக் கேட்டால் "குறையவில்லையே" என்று இருந்துவிடுவோம். படத்திலோ கோடு படுத்துக் கிடக்கும், சிவப்பும் தெரியும். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு மசித்த சோறு, பருப்பு, முட்டை, கீரை என்று சேர்க்க வேண்டிய காலம் அது. பிள்ளை மடுவத்தில் விட்டு மலைக்குப் போகும் தாய்க்கு அது தவறிவிடக்கூடும். வயிற்றோட்டமோ சளியோ வந்தாலும் கோடு படுக்கும். காரணத்தைக் கொம்பியூட்டர் சொல்லாது. மிட்வைஃப் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஒரு மாதம் நிறை கூடாவிட்டாலே போய்க் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நீங்கள் வரையும் படம் பழகுவதற்கு. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனிக் கோடுகள் அச்சிட்ட கிளினிக் புத்தகம்தான் உண்மையான பதிவு. அதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த நிறுவை நாளில் அம்மா புத்தகத்தோடு வீட்டுக்கு வந்ததும், மூத்த பிள்ளை அதைக் கையில் வாங்கட்டும். புதுப் புள்ளி எங்கே இருக்கிறது, கோடு ஏறுகிறதா என்று அம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டட்டும். படித்த படிப்பு தங்கச்சியின் சோற்றுக் கோப்பைக்கு உதவுமானால், அதைவிட வேறென்ன வேண்டும்?