வில்லன் பக்கம் சாயும் மனம்



கே.எல். சென்ட்ரலில் மோனோரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் ஹங் துவா. மலாக்கா சுல்தானுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்த மாவீரனின் பெயர் அது. அவனுடைய உயிர்த்தோழன் ஹங் ஜெபாட்டின் பெயரில் நிலையம் எதுவும் இல்லை. ஆனால் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஸ்டேடியம் நெகாரா பக்கத்தில், ஹங் ஜெபாட் சாலை இருக்கிறது. 1999-இல் நமது கடற்படையில் சேர்ந்த ஒரு போர்க்கப்பலுக்குப் பெயரே 'கே.டி. ஜெபாட்'.

ஜெபாட் யார்? அரசனை எதிர்த்துக் கலகம் செய்தவன். அரண்மனையைக் கைப்பற்றியவன். பழைய கதை அவனை ராஜத்துரோகி என்றே சொல்கிறது. துரோகியின் பெயரை ஒரு நாடு தன் போர்க்கப்பலுக்கு வைக்குமா? வைத்திருக்கிறது. கதாநாயகனை விட வில்லனிடம் நம் பிள்ளைகள் மனதைப் பறிகொடுக்கிறார்கள் என்று கவலைப்படுகிற பெற்றோர்கள், அந்தக் கப்பல் பெயரிலிருந்தே யோசிக்கத் தொடங்கலாம்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். அரண்மனைப் பெண்ணோடு தகாத உறவு வைத்திருக்கிறான் என்று துவாவின் மேல் பொறாமைக்காரர்கள் பழி சுமத்துகிறார்கள். சுல்தான் விசாரிக்கவில்லை. கொன்றுவிடச் சொல்கிறார். பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், துவாவைக் கொல்லாமல் ஒளித்து வைக்கிறார். துவாவின் பதவியும் தாமிங் சாரி என்ற கிரிஸ் கத்தியும் ஜெபாட்டுக்குப் போகின்றன. ஒரு குற்றமும் செய்யாத நண்பனைக் கொன்றுவிட்டார்களே என்று ஜெபாட் பொங்கி எழுகிறான். சுல்தான் அரண்மனையை விட்டே வெளியேற வேண்டி வருகிறது. அப்போதுதான் அவருக்குத் துவாவின் அருமை தெரிகிறது. ஒளிந்திருந்தவன் திரும்பி வருகிறான், மன்னிப்புப் பெறுகிறான், தனக்காகக் கலகம் செய்த நண்பனைத் தன் கையாலேயே வீழ்த்துகிறான். (செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில் கலகம் செய்பவன் ஜெபாட் அல்ல, ஹங் கஸ்தூரி. ஆனால் மக்கள் மனதில் நின்றது ஜெபாட்தான்.)

இந்தக் கதையைக் கேட்கிற எந்தப் பிள்ளையும் ஒரு கேள்வி கேட்கும். விசாரிக்காமல் தண்டனை கொடுத்தவரை விட்டுவிட்டு, ஏன் என்று கேட்டவனைக் கொல்வது எப்படி நியாயம்?

அந்தக் கேள்வியை மலாய் இலக்கிய உலகம் வாயை மூடு என்று சொல்லி அடக்கவில்லை. காசிம் அகமட் என்ற மாணவர் 1959-இல் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வில் ஜெபாட்டைத்தான் உண்மையான வீரனாகக் காட்டினார். 1964-இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா அதை நூலாக வெளியிட்டது. ஓர் அரசு நிறுவனம்! உஸ்மான் அவாங் ஜெபாட்டை மையமாக வைத்து நாடகம் எழுதினார். சினிமாவைப் பாருங்கள். 1956-இல் இந்தியாவிலிருந்து வந்த ஃபனி மஜும்தார் இயக்கிய படத்தின் பெயர் 'ஹங் துவா'; பி. ரம்லி நடித்தார். ஐந்தே ஆண்டுகளில், 1961-இல், ஹுசேன் ஹனிஃப் எடுத்த படத்தின் பெயர் 'ஹங் ஜெபாட்'. அந்த ஐந்து ஆண்டுகளுக்கு நடுவில் நாடு சுதந்திரம் அடைந்திருந்தது. ஆளுகிறவர் சொல்வதெல்லாம் சரிதானா என்று மக்கள் கேட்கத் தொடங்கிய காலம் அது. வில்லனின் மேல் வந்த இரக்கத்தில் அந்தக் காலத்தின் குரலும் சேர்ந்திருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நமக்கு இது புதிதா? பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. இது போன்ற கோயில்களில் தேவாரம் ஓதும்போது கவனித்துக் கேளுங்கள். சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டு வந்தால் பெரும்பாலும் இராவணனும் வந்துவிடுவான். கயிலையைத் தூக்கினான், நசுங்கினான், அழுது பாடினான், அருள் பெற்றான். கம்பனோ இராவணனைச் சின்ன மனிதனாகக் காட்டவே இல்லை. அவன் வீழ்ச்சியைப் படிக்கும்போது ஒரு மலை சரிவதைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். 1946-இல் புலவர் குழந்தை இராவணனையே காவியத் தலைவனாக்கி 'இராவண காவியம்' எழுதினார். 1948-இல் தடை வந்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. கர்ணனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துரியோதனன் பக்கம் நின்று போரிட்டவன் அவன். ஆனாலும் 1964-இல் வந்த சிவாஜியின் 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது மீண்டும் கூட்டம் கூடியது. அர்ச்சுனன் பெயரில் ஒரு படம் வந்தால் இத்தனை பேர் அழுவார்களா என்பது சந்தேகம்தான்.

ஆக, தோற்றவன் மேல் இரக்கம் என்பது தமிழனுக்குக் கேபிள் டிவி கொண்டுவந்த வியாதி இல்லை.

அப்படியென்றால் ஏன் கவலை?

சினிமாவில் நடந்த ஒரு மாற்றத்தைப் பார்க்க வேண்டும். நம்பியாரைத் திரையில் பார்த்துத் தாய்மார்கள் திட்டிய காலம் ஒன்று இருந்தது. நிஜ வாழ்க்கையில் மதுவைத் தொடாதவர், சைவ உணவுக்காரர், ஆண்டுதோறும் சபரிமலைக்குக் கூட்டம் சேர்த்துப் போன குருசாமி. அவரைப் போய் அவ்வளவு வெறுத்தார்கள்! அப்போது வில்லன் வெறுக்கப்படுவதற்காகவே படைக்கப்பட்டான். பிறகு 1976-இல் 'மூன்று முடிச்சு', 1977-இல் '16 வயதினிலே'. கெட்டவனாக நடித்த ரஜினிக்கு விசில் பறந்தது. 1987-இல் 'நாயகன்', 1995-இல் 'பாட்ஷா'. இப்போது தாதாவே கதாநாயகன். வில்லன் மேல் இரக்கப்படுவது போய், வில்லனைப் போல் இருக்க ஆசைப்படுவது வந்தது. இரண்டும் ஒன்றல்ல. இராவணனுக்காக அழுகிறவன் யாருடைய மனைவியையும் தூக்கிக்கொண்டு போக நினைப்பதில்லை.

2020-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். தன்னைப் போன்ற குணம் கொண்ட வில்லன் மேல் மனிதனுக்கு ஈர்ப்பு வருகிறது. ஆனால் அவன் கற்பனைப் பாத்திரமாக இருக்கும்வரைதான். நிஜத்தில் தன்னைப் போன்ற ஒரு கெட்டவனைக் கண்டால் ஒதுங்கவே பார்க்கிறான். கதை ஒரு வேலி போட்டுக் கொடுக்கிறது; உள்ளே நின்று பயமில்லாமல் பார்க்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல பிள்ளைகளுக்கு அந்த வேலி கிடையாது. பிரச்சினை அங்கேதான். வில்லன் திரையில் இல்லை, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நிற்கிறான். அவனை 'அண்ணே' என்று கூப்பிடுகிறார்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,313 பேர் என்று கணக்குச் சொன்னது. அதில் இந்தியர்கள் 28,926 பேர். நாட்டின் மக்கள் தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர். அந்தப் பட்டியலில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சினிமாதான் கெடுத்தது என்று சொல்லிப் போய்விடுவது சுலபம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறி, புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களின் கதையை அப்புறம் யார் சொல்வது?

ஒருவர் சொன்னார். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வந்த 'ஜகாட்'. 'கெட்டவன்' என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் மாறிய உருவம்தான் தலைப்பு. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில் அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா படி படி என்று அடிக்கிறார். சிற்றப்பாமாரில் ஒருவன் போதையில் சிக்கிச் சீரழிந்தவன், இன்னொருவன் கும்பலில் இருப்பவன். பையனை மதித்துப் பேசுகிறவர் யார், அவமானப்படுத்துகிறவர் யார் என்று அந்தப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. பார்த்து முடித்தவர்களுக்குக் கும்பல்காரனாக ஆசை வராது. ஒருவன் எப்படி அங்கே போய்ச் சேர்கிறான் என்பது விளங்கும். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது.

அதே 2016-இல்தான் 'கபாலி'யும் வந்தது. நம் மண்ணில் எடுக்கப்பட்ட ரஜினி படம். தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தவன் கும்பல் தலைவனாகிறான். மூலப் படத்தில் முடிவு என்னவென்று சொல்லாமல் துப்பாக்கிச் சத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மலேசியாவில் திரையிட்ட பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று கடைசியில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. இரண்டரை மணி நேரம் கோட்டு சூட்டோடு நடந்தவனை ஒரு வரியால் திருத்திவிட முடியும் என்று நம்பியிருக்கிறார்கள்! அந்த வரி வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து வெளியே வந்திருப்பார்கள்.

கடைசியில் வாசகம் சேர்ப்பதை விட, கதையில் விட்டுப்போனதைச் சேர்ப்பதுதான் பயன் தரும். ஜெபாட்டின் ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு பகுதி ஹிக்காயாட் ஹங் துவாவில் இருக்கிறது. துவாவின் கத்திக் குத்து வாங்கிய ஜெபாட் உடனே சாகவில்லை. காயத்தைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். மூன்று நாள் மலாக்காவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறான். செத்தவர்கள் யார்? சுல்தானா? பழி சொன்ன பொறாமைக்காரர்களா? சந்தைக்கு வந்த சாதாரண மக்கள். துவாவுக்கு நேர்ந்த அநியாயத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. அவர்களுக்குப் பெயர்கூடக் கதையில் கிடையாது. கர்ணனுக்காக அழுகிறவர்களும், சபையில் திரௌபதியை இழிவாகப் பேசியவர்களில் அவனும் ஒருவன் என்ற பகுதி வரும்போது வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பழைய கதைகள் எதையும் மறைக்கவில்லை. ரசிக்கிற நாம்தான் வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

ஆகவே, "அவன்தான்பா உண்மையான ஹீரோ" என்று வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால், "உருப்படுவியாடா நீ" என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். "அவன சின்ன வயசுல எல்லாரும் கேவலமா பேசுனாங்கப்பா" என்று பதில் வரலாம். அது படத்தைப் பற்றிய பதில் மட்டுமாக இருக்காது. கடைசி வகுப்பில் உட்கார வைக்கப்பட்டதும், பெயருக்குப் பதிலாகப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டதும் அதில் இருக்கலாம். அதைக் கேட்டு முடித்த பிறகு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அவன் வெட்டியவர்களின் வீட்டில் அன்று இரவு என்ன நடந்திருக்கும்? முதல் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதைக் கேட்டால் பிள்ளை எழுந்து போய்விடும். அது போய் நிற்கிற இடத்தில் 'அண்ணே' காத்திருப்பான். அவன் முதல் கேள்வியை மட்டும் கேட்பான்.

ஹிக்காயாட்டில் ஜெபாட் சாவதற்கு முன் நண்பனிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறான். தன்னால் கருவுற்ற ஒரு பெண் இருக்கிறாள். பிறக்கப் போகும் பிள்ளையை நீதான் எடுத்து வளர்க்க வேண்டும் என்கிறான். துவா சம்மதிக்கிறான். துரோகியின் மகன் என்று அந்தப் பிள்ளையை அவன் ஒதுக்கவில்லை. ஹங் நாடிம் என்று பெயர் பெற்ற அந்தப் பையன் துவாவின் வீட்டிலேயே வளர்ந்தான்.