தண்டியடிகள் கட்டிய கயிறு



கொங்கு நாட்டிற்கும் சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் உள்ள உறவு தனிச்சிறப்புடையது. திருப்பூருக்கு அணித்தே உள்ள திருமுருகன்பூண்டியில் பூதகணங்கள் வேடுவர் வடிவில் வந்து அவருடைய பொருளைப் பறித்ததும், அவர் பாடி அதனை மீளப் பெற்றதும் இப்பகுதிச் சிறுவரும் அறிந்த வரலாறு. அவிநாசியில் முதலையுண்ட பாலகனை அவர் மீட்டதும் அவ்வாறே.

ஆனால், அப்பெருமான் சில காலம் கண்ணிலாதவராக வாழ்ந்தார் என்பது அத்துணையாக நினைக்கப்படுவதில்லை. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்தார். அச்சூளைக் கடந்து ஊரெல்லையைத் தாண்டியபோது இரு கண்களும் ஒளி இழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது; காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் கிடைத்தன. இடைப்பட்ட வழியெல்லாம் அவர் தடவித் தடவி நடந்தார், நடந்துகொண்டே பாடினார். அப்போது பாடிய பதிகங்களைத் திருமுறை வகுத்தோர் தனியே ஒதுக்கி வைக்கவில்லை. கண்ணுடைய நாளில் பாடியவற்றோடு அவையும் ஏழாம் திருமுறையில் ஒருங்கே நிற்கின்றன. ஓதுவார் அவற்றை ஓதும்போது எவரும் குரலைத் தாழ்த்திக் கேட்பதில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. தம் கண்ணை இழப்பதற்கு நெடுநாள் முன்பே, ஆரூரில் திருத்தொண்டத் தொகை பாடிய பொழுது, பிறவியிலேயே கண்ணில்லாத ஒருவர்க்குத் தம்மை அடியவராக்கிக் கொண்டார் சுந்தரர். அவரே தண்டியடிகள்.

திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து சுருங்கிவிட்டது கண்டு வருந்தியவர் பலர் இருந்திருப்பர். அதனைத் தோண்டிப் பெருக்கத் துணிந்தவர் கண்ணில்லாத தண்டியடிகள் ஒருவரே. அவர் அப்பணியை எவ்வாறு செய்தார் என்பதைச் சேக்கிழார் பெருமான் மறவாமல் கூறுகிறார். குளத்தினுள் ஒரு தறி நட்டார். மண் கொட்டும் கரையில் ஒரு தறி நட்டார். இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணை வெட்டி எடுத்துக் கரையேறிக் கொட்டி, மீண்டும் இறங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு மரத்தறியும் ஒரு கயிறுமே. பிறர் அப்பணியைத் தாம் செய்து தருவதாகச் சொல்ல வேண்டும் என்றோ, தம்மைக் கண்டு இரங்க வேண்டும் என்றோ அவர் எதிர்பார்க்கவில்லை.

அவரை எதிர்த்தவர்கள் செய்தது யாது? மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள். தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். கயிறு போனபோதுதான் அவர் செயலற்றவரானார். அதற்கு முன்பும் அவருக்குக் கண் இல்லை. ஆயினும் குளம் ஆழ்ந்துகொண்டுதான் இருந்தது.

இறுதியில் தண்டியடிகள் கண் பெற்றார், பகைத்தவர்கள் கண் இழந்தார்கள் என்று புராணம் முடிகிறது. அது அக்காலச் சமயப் பூசலின் குரல். கண்ணின்மையைத் தண்டனையாகக் காட்டும் அம்முடிவை இக்காலத்தார் அப்படியே எடுத்தாளுதல் பொருந்தாது. காலூன்ற இயலாத குழந்தை பிறந்த வீட்டில், பழவினை என்று தாயின் காதில் விழும்படி பேசுவோர் இன்றும் உளர். வினையின் ஏடு இறைவனிடம் இருப்பதாக நம்புகிறவர், அதனைத் தாமே படித்துச் சொல்லத் துணிவது எங்ஙனம்?

பாரத நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1995-ஆம் ஆண்டின் முந்தைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆயினும் அதன் உயிர்நாடி எண்ணிக்கையில் இல்லை. ஒருவருக்குத் தேவையான தக்க வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று அச்சட்டம் கூறுகிறது. கயிற்றைப் பிடுங்குவது குற்றம் என்று மட்டும் அது சொல்லவில்லை; கட்ட வேண்டிய கயிற்றைக் கட்டாமல் இருப்பதும் குற்றம் என்கிறது.

பனியன் தொழில் நடக்கும் இந்நிலத்தில் இதனை விளக்குவது எளிது. தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்தில், செவி கேளாத ஒருவர் பிறரைப் போலவே தைக்கிறார். இடைவேளை மணியோ, தீ மூண்டால் ஒலிக்கும் சங்கோ அவருக்கு எட்டாது. சுவரில் ஒரு விளக்கு மின்னினால் போதும். அதுவே அவருக்குக் கயிறு. நடக்க இயலாதவர் உட்கார்ந்தபடியே பிசிறு வெட்டலாம், செக்கிங் பார்க்கலாம். மேசையின் உயரத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும், அவ்வளவே. பீஸ் கணக்கில் கூலி பெறும் இடத்தில், துணியைத் தைத்த கை எவருடையது என்று துணி சொல்வதில்லை.

இயந்திரத்தில் விரல் இழந்தோர் தொழில் ஊர்களில் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இதற்கென ஓர் அட்டவணை அமைந்தது. பெருவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 என்று அது கணக்கிட்டது. இழப்பீடு வழங்க இத்தகைய கணக்கு வேண்டியதே. ஆனால் அவ்வட்டவணை அளந்தது சம்பாதிக்கும் திறனில் நேர்ந்த குறைவை. ஆள்காட்டி விரல் இழந்தவர் 86 விழுக்காடு மனிதர் என்று அது எங்கும் கூறவில்லை. மனிதர்தாம் அவ்வாறு படித்துக்கொள்கிறார்கள். பெண் கேட்கச் செல்லும் இடத்தில் அது வெளிப்படுகிறது.

உழைப்பைக் கொண்டே உயிரின் மதிப்பை அளந்தால் முடிவு எங்கே செல்லும் என்பதை ஜெர்மனி காட்டியது. 1939 முதல் 1941 வரை, அங்கு நாஜி அரசு உடலும் உள்ளமும் நலிந்தோரை வாழத் தகுதியற்றவர் என்று வகுத்து, 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மருத்துவர் சிலர் நோயாளியை நேரில் காணாமலே படிவத்தில் இட்ட குறி, தீர்ப்பாயிற்று. அது தொலைவில் நடந்த கொடுமை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாது வெந்தனர். 28 உயிர்கள் போயின. சித்தம் கலங்கியோர் தீர்த்தமாடி வலம்வரும் வழக்கமுடைய பூண்டித் தலத்திற்கு அருகே வாழ்வோர் இதனை மறத்தல் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. பதினாறு ஆண்டுகள் சென்ற பின்னரே அத்தடை வந்தது.

தண்டியடிகள் குளம் தோண்டினார்; செவி கேளாதவர் பனியன் தைக்கிறார்; சரி. தோண்டவும் தைக்கவும் எதுவும் இயலாமல் படுக்கையில் கிடப்பவருக்கு மதிப்பு எங்கிருந்து வரும் என்ற வினா எஞ்சி நிற்கிறது. வேலை செய்கிறவர்களை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால், இந்த ஒருவர் வாயிலுக்கு வெளியே விடப்படுகிறார்.

குடமுழுக்கு மலரில் இதற்கு விடை தேட வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கல்லும் இல்லை, காசும் இல்லை. அவர் உள்ளத்திலேயே அடிநிலை முதல் சிகரம் வரை கோயில் எடுத்தார். குளமும் கிணறும் மதிலும் உள்ளேயே அமைத்தார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோமான் கற்றளிக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அன்பன் கோயிலுக்குச் செல்ல வேண்டியிருத்தலால் நாளைத் தள்ளி வைக்குமாறு பணித்தார். மன்னன் திருநின்றவூர் வந்து, கோயில் எங்கே என்று கேட்டான். ஊரார் எவருக்கும் தெரியவில்லை. பூசலார் செய்ததாகக் கண்ணால் காட்டத்தக்க பொருள் ஒன்றேனும் அவ்வூரில் இல்லை. அவர் இருந்தார், அதுவே போதுமானதாயிற்று.

திருப்பணி என்றவுடன் கோபுரச் சுதையும் வண்ணமும் கலசமும் நினைவுக்கு வருகின்றன. கல் வாயிற்படியின் முன் சக்கர நாற்காலியில் நின்றுவிடுகிறவர் நினைவுக்கு வருவது அரிது. அவருக்குப் படியோரத்தில் காசு போடும் கை, படியைக் கடக்க வழி செய்யத் தயங்குகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களை அணுகும் வசதிக்குக் கட்டாய விதிகள் வகுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது கட்டட நூலார் கொண்ட அளவு. பழைய கல்லை உடைக்க வேண்டியதில்லை. மரத்தால் செய்து வைத்து எடுக்கும் சரிவும் பயன்படும். பெரும்பாலான கோயில்களில் வாயிலின் பக்கத்தே பன்னிரண்டு அடி இடம் இருக்கவே செய்கிறது. அங்கே தேங்காய்க் கடையோ, செருப்பு வைக்கும் பலகையோ நிற்கும்.