வாத்தியார் ஐயா
(நமது இந்து வாலிபர் சங்க மண்டபத்தில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இவ்வாண்டு நினைவுக் கூட்டத்தில் நமது கடைத்தெருவில் வாழ்ந்து மறைந்த வாத்தியார் ஐயாவைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். அவர் கடையின் பின்னறையில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றவர்களுள் நானும் ஒருவன் என்பதைத் தவிர, இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

அவருடைய பெயரை நான் இங்கு சொல்லப் போவதில்லை. அவர் வாழ்ந்த நாளில் நம்முள் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தோட்டத்து மக்களுக்கும், கடைத்தெருச் சிங்கள வியாபாரிகளுக்கும், முஸ்லிம் அன்பர்களுக்கும் அவர் வாத்தியார் ஐயாவே. தம் கடைப் பலகையிலும் அவர் பெயர் எழுதியவர் அல்லர். ஆதலால் அவர் விரும்பிய வண்ணமே பேசுகிறேன்.

அன்னார் இராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பதுளை வரை புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மாமன் ஒருவரின் கடையில் எடுபிடிப் பையனாக நிற்பதற்கென்று தலைமன்னார் வழியாக இம்மலைநாட்டுக்கு வந்தார். பகலில் மூட்டை சுமந்தார், இரவில் படித்தார். பின்னர் ஊவாப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பாடசாலையில் உபாத்தியாயராக அமர்ந்தார்.

அக்காலத்துத் தோட்டப் பாடசாலை எப்படி இருந்தது என்பது இன்றைய வாலிபர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தோட்ட முதலாளிமார் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்க வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறிற்று. அதன் பயனாக எழுந்தது பெரும்பாலும் ஒரே அறை. அந்த ஒரே அறையில் ஒரே வாத்தியார். அவர் முன்னே பல வகுப்புக்கள். பத்து வயதானதும் பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடும். அதற்கு முன்னரே பெண்பிள்ளைகளில் பலர் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள லயத்தில் நின்றுவிடுவார்கள். 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகள் அதன் நிழலில் ஒதுங்க இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1970களில் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மெல்ல மாறியது.

அந்த உத்தியோகத்தை ஐயா ஏன் விட்டார் என்பது கதையாக உலவுகிறது. நடந்ததை அவரோடிருந்தவர்கள் வாயால் கேட்டபடி சொல்கிறேன். பாடசாலைக்குரிய அரசாங்க நன்கொடை மாணவர் வரவைப் பொறுத்தது. வித்தியாதரிசி வரும் காலம் நெருங்கியபோது, மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் வரவு போடும்படி ஐயாவிடம் சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். "வராத பிள்ளைக்கு வந்ததாகக் கோடு போட்டால், அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க எவருக்கும் இடமிருக்காது" என்றாராம். அந்த மாதமே வேலையும் போயிற்று. வேலையோடு குடியிருந்த அறையும் போயிற்று. ஒரு பெட்டியுடனும் மனைவியுடனும் பட்டணத்துக்கு இறங்கினார். மாமன் கொடுத்த சிறு முதலைக் கொண்டு நமது கடைத்தெருவின் கோடியில் ஒரு சில்லறைக் கடை வைத்தார்.

"வாத்தியார் வியாபாரியாகிவிட்டார், இனிச் சரஸ்வதி போய் இலட்சுமி வருவாள்" என்று ஊரில் சிலர் சிரித்தார்களாம். இருவரில் எவரையும் அவர் வெளியே அனுப்பவில்லை. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் அவர் கடையில் தராசு, படிக்கல், கணக்கேடு, சிலேட்டு, பாலபாடப் புத்தகம் யாவும் ஒரே பலகையில் சந்தனமும் குங்குமமும் பெற்று வீற்றிருக்கும். மறுநாள் விஜயதசமியன்று லயத்துப் பிள்ளைகள் தாய்மாரின் இடுப்பில் வந்து இறங்குவார்கள். விற்பனைக்கு வைத்த அரிசியிலேயே ஒரு தட்டு எடுத்துப் பரப்பி, அதில் ஏடு தொடக்குவார்.

கடையின் பின்னறையில் இராப் பாடசாலை நடந்தது. கட்டணம் கிடையாது. அங்கே அவர் கற்பித்த முறையை நமது ஆசிரிய அன்பர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கணக்குப் பாடம் தராசின் முன்னே நடந்தது. பதினாறு அவுன்ஸ் ஓர் இறாத்தல் என்பதை வாயால் ஒப்புவிக்க விடமாட்டார்; பருப்பை நிறுத்துப் பார்க்கச் சொல்வார். வாசிப்புக்குக் கடைசிச் சோதனை எது தெரியுமா? அந்தப் பிள்ளையின் வீட்டுப் பற்றுப் புத்தகம். அரிசி இத்தனை கொத்து, கருவாடு இத்தனை இறாத்தல், மண்ணெண்ணெய் ஒரு போத்தல், தொகை இவ்வளவு சதம் என்று தாயின் முன்னே நின்று உரக்க வாசிக்க வேண்டும். கூட்டிப் பார்த்து, கணக்குச் சரியா பிழையா என்று சொல்ல வேண்டும். பிழை இருந்தால் அவர் அங்கேயே திருத்துவார்.

எழுதத் தெரியாத தாய்மார், சம்பள நாளில் கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, கேட்டபடியே கொடுத்துவிட்டுப் போன காலம் அது. தம் கணக்கைத் தம் பிள்ளையைக் கொண்டே சோதிக்கச் சொன்ன கடைக்காரர் இவர். இதனால் மற்றைய கடைகளிலும் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைத்தெருவில் சிலருக்கு அவர் மீது மனக்கசப்பு ஏற்பட்டதற்கு இதுவே காரணம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

சபையோர்களே, இனி நான் சொல்லப் போவது பெரியவர்கள் பலர் அறிந்தது. ஆயினும் இளைஞர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

சுதந்திரம் வந்த அதே 1948ஆம் ஆண்டில், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மலைநாட்டில் பரம்பரையாக உழைத்த நம் மக்களிற் பெரும்பாலோர் அதனால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறலாம் என்றது. ஆனால் 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதிக்கு முந்திய ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள், இந்நாட்டில் இடைவிடாது வசித்ததைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் வசிப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு முடிந்தது.

எழுத்தறியாத ஒரு தொழிலாளி, பத்தாண்டுக்கு முன் தான் இங்கே இருந்ததை எதைக் கொண்டு நிரூபிப்பான்? பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டம் மாறியவர்களுக்குத் தோட்டப் பதிவும் கைக்கு எட்டாது. பதிவிருந்தாலும் ஓரிடத்தில் இராமாயி, மற்றோரிடத்தில் இராமி என்றிருக்கும். இந்த வேளையில்தான் வாத்தியார் ஐயாவின் இரண்டு ஏடுகள் வெளியே வந்தன. ஒன்று, கடையின் பற்று வரவுக் கணக்கு. மற்றது, இராப் பாடசாலையின் இடாப்பு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், லயம், சேர்ந்த திகதி யாவும் அதில் இருந்தன.

மாதந்தோறும் இந்தக் கடையில் அரிசி வாங்கியவன் இந்த ஊரில் இருந்தவன்தானே? இந்த எளிய நியாயத்தை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டாண்டும் இரவிரவாக விண்ணப்பங்கள் எழுதினார். விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களோடு ஏடுகளைத் துணியில் கட்டிக்கொண்டு கூடவே போய்ச் சாட்சி சொன்னார். கடை பல நாள் மூடிக்கிடந்தது. வீட்டில் அதற்காகப் பட்ட சிரமத்தை அம்மா ஒருவரே அறிவார்.

இந்த வேளையில் ஒரு சோதனை வந்தது. அவருக்கு நெருக்கமான ஒரு குடும்பம். பிள்ளைகள் மூவரும் அவரிடம் படித்தவர்கள். யுத்த காலத்தில் தாயின் நோய் காரணமாக ஊருக்குப் போனவர்கள், திரும்பிவர அனுமதி கிடைக்கத் தாமதமாகிப் பதினான்கு மாதங்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். கணக்கேட்டில் அந்தப் பதினான்கு மாதமும் வெறுமையாகக் கிடந்தது. "ரெண்டு மூணு வரிதானே ஐயா, எழுதிடுங்க" என்று அந்தத் தகப்பன் கெஞ்சினார். தாய் அழுதார். ஐயா எழுதவில்லை.

விண்ணப்பம் தள்ளப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கென எண்ணப்பட்டவர்களுள் அந்தக் குடும்பமும் ஒன்று. ஐயா புகையிரத நிலையம் வரை போய் வழியனுப்பினார். அந்தத் தகப்பன் அவரோடு பேசவில்லை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். பின்னர் அவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினார்கள். ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு ஐயா அவர்களுக்குக் கடிதம் எழுதினார். மூத்த மகனிடமிருந்து பதில் வரத் தொடங்கியது பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

அவர் செய்தது சரியா? இந்தச் சபையிலேயே இரு கருத்து உண்டு என்பதை நான் அறிவேன். அநியாயமான சட்டத்துக்கு நியாயமான ஏட்டைக் காட்டுவானேன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போக, ஒன்றரை இலட்சத்துக்கும் குறைந்த தொகையினரே ஏற்கப்பட்டார்கள் என்றால், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பது விளங்கும். இது பற்றி நேரிற் கேட்டவர்களுக்கு ஐயா சொன்ன விடை ஒன்றுதான்: "இந்த ஏட்டை நம்பி நாற்பது குடும்பம் நிற்குது. ஒரு வரி பொய் என்று கண்டுபிடித்தால் நாற்பதும் போய்விடும்."

இந்த விடை சரியென்றே நான் நினைக்கிறேன். ஆயினும் அவர் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பத்தின் பெயரைப் பிறர் எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். உண்மையைக் காப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சில வேளைகளில் நாம் அன்றி வேறொருவர் கொடுக்க நேர்கிறது. இதை அவர் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பசி தலைவிரித்தாடியபோது, முதுமையிலும் அவர் பதுக்கி விற்றதில்லை. உள்ளதை எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக அளந்தார். பற்று ஏறிற்று, முதல் இறங்கிற்று. அதன் பின் கடை பழைய நிலைக்கு வரவேயில்லை. சில ஆண்டுகளில் அவர் சிவபதமடைந்தார். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடையும் தீக்கிரையாயிற்று. கணக்கேடும் இடாப்பும் அதனோடு போயின. 2003ஆம் ஆண்டில் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, எஞ்சியிருந்த நம்மவர்க்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. அதைக் காண அவர் இல்லை.

வாலிப அன்பர்களே, அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதைப் பெரியோர் தீர்மானிக்கட்டும். நான் உங்களிடம் வேண்டுவது வேறு. இன்றும் நம் லயங்களிற் பிறப்புப் பத்திரத்திற் பெயர் பிழையாயிருப்பதால் அலைகிற தாய்மார் இருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாமல் பிறருக்குக் காசு கொடுப்போர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, நீங்கள் நால்வர் உட்கார்ந்து அவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். எழுதியதை அவர்கள் பிள்ளைகளைக் கொண்டே வாசிக்கச் செய்யலாம். கூடவே, ஒவ்வொரு குடும்பமும் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். எரிந்துபோன இடாப்பை நாம் திரும்ப எழுத முடியாது. புதிதாக ஒன்றைத் தொடங்க முடியும்.

அதில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். இல்லாததற்குக் கோடு போடாதீர்கள். அதுவே வாத்தியார் ஐயாவுக்கு நாம் செய்யும் பூசையாகும்.