நாடி தரும் முன்னறிவிப்பு

(நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கடந்த ஆண்டு நாம் அடக்கம் செய்த ஜனாஸாக்களுள் ஒன்று என் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. ஒரகடத்தில் இரண்டாம் ஷிப்டு முடித்து நள்ளிரவில் வீடு திரும்பிய 42 வயதுச் சகோதரர், ஃபஜ்ருக்கு ஒளுச் செய்யும்போது மார்பைப் பிடித்தபடி சாய்ந்தார். கபர்ஸ்தானில் எல்லோரும் கூறியது, “எந்த நோயும் இல்லாத மனிதர்” என்பதே. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர் எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதே இல்லை என்று. நோய் இல்லை என்பதும் நோய் தெரியவில்லை என்பதும் ஒன்றாகுமா?

மாரடைப்பு ஒரு நாளில் வருகிறது. அதற்கான காரணமோ பல ஆண்டுகளாக வளர்கிறது. இளமையில் நமது பெருந்தமனி ரப்பர் குழாயைப் போல் நெகிழ்வுடையது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது அது விரிந்து கொடுக்கும். இதயம் தளரும்போது சுருங்கி இரத்தத்தை முன்னே செலுத்தும். இதயத் தசைக்கு உணவளிக்கும் குழாய்கள் பெரும்பாலும் அந்தத் தளர்ச்சி நேரத்தில்தான் நிரம்புகின்றன. வயது, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் தமனி விறைத்துவிட்டால் இதயத்தின் சுமை கூடுகிறது; அதற்குக் கிடைக்க வேண்டிய இரத்தமோ குறைகிறது.

இந்த விறைப்பைக் கத்தியும் ஊசியும் இன்றி அறியலாம். இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் நாடியைக் கணிக்க வகுத்த அளவுகோல்களுள் ஒன்று, விரலுக்கடியில் குழாய் மென்மையாக உள்ளதா, கடினமாக உள்ளதா என்பதாகும். அன்று விரல் உணர்ந்ததை இன்று கருவி அளக்கிறது. கழுத்திலும் தொடையின் மேற்பகுதியிலும் உணர்கருவிகளை வைத்து, நாடியின் அலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும் வேகத்தைக் கணக்கிடுகின்றனர். குழாய் விறைக்க விறைக்க அலை விரைந்து ஓடும். விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என 2013-ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி கூறியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஆஞ்சியோகிராமுக்கு மாற்று அன்று. அடைப்பு எங்குள்ளது என்பதை இது காட்டாது. ஆபத்து கூடியுள்ளது என்று மட்டுமே அறிவிக்கும்.

நம் அருகிலுள்ள சென்னையில், தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. இரத்தச் சர்க்கரை சீராக இருந்தோரில் 9.1 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் அது 21.4 சதவீதம். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2002-இல் வெளியான கட்டுரை, சர்க்கரை நோயாளிகளின் தமனிகள் கூடுதலாக விறைத்திருப்பதை எடுத்துக்காட்டியது.

அலை வேகத்தை அளக்கும் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இராது. எனினும் பிரஷர் பார்க்கும் கருவியே ஓரளவு பேசும். “மேல் அளவு 160 ஆனாலும் கீழ் அளவு 80-தானே” என்று நம் பெரியவர்கள் ஆறுதல் கொள்கின்றனர். அவ்விரண்டுக்கும் இடையேயான வித்தியாசம் சாதாரணமாக 40 அளவில் இருக்கும். முதியோரிடம் அது 60-ஐ எட்டினால், தமனி விறைத்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். ஆறுதல் கொள்ளாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வாலிபர்களே! தொழிற்சாலைகளுக்கே மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும் திட்டத்தை நமது மாநில அரசு 2024-இல் தொடங்கியது. அத்தகைய முகாம் உங்கள் தொழிற்சாலைக்கு வந்தால், வேலையைக் காரணம் காட்டி ஒதுங்காதீர்கள். புகையை விடுங்கள், உப்பைக் குறையுங்கள், நாள்தோறும் நடங்கள், மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

நிர்வாகத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று: பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு பிரஷர் கருவியை வையுங்கள், மாதம் ஒருமுறை அஸருக்குப் பின் அனைவருக்கும் பார்த்துக் குறித்துக் கொடுங்கள். அன்று அந்தச் சகோதரரின் சந்தூக்கைச் சுமந்த தோள்கள் இங்கே பல உள்ளன. அந்தச் சுமையை நினைத்தேனும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வஸ்ஸலாம்.